முதுமையும் வெயிலும்

காலைக் குளிர் அகலுமுன்னரே விறாந்தையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இளவெயிலை எதிர்நோக்கியிருக்கும் முதியவரை நம் நாட்டில் எவ்வூரிலும் காணலாம். வெயில் ஏறிய பின்னர், "உள்ளே வாருங்கள் அப்பு" என்று வீட்டார் அழைப்பர். "வயல் வெயிலில் மரத்துப்போன உடம்பு இது; இனி வெயில் என்ன செய்துவிடும்?" என்பது அவர் விடையாக இருக்கும். அவ்விடையில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்துள்ளன. தோல் மரத்துப்போயிருப்பது உண்மை. ஆதலால் அதற்குத் தீங்கில்லை என்று கொள்வது பிழை.

சூரிய ஒளியிற் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்கள் உள்ளன. அவற்றுள் நிலத்தை வந்தடைவன இருவகைப்படும். 'பீ' வகைக் கதிர்கள் மேற்றோலைத் தாக்கி எரிவை உண்டாக்குவன. 'ஏ' வகைக் கதிர்கள் ஆழச்சென்று, உட்டோலைத் தாங்கிநிற்கும் கொலாஜன் நார்களைச் சிதைப்பன. தோலின் சுருக்கமும் தடிப்பும் பெரும்பாலும் இச்சிதைவின் விளைவுகளேயாம்.

எனவே, தோலின் முதுமை இருவகைத்து: ஒன்று ஆண்டுகள் தருவது, மற்றையது வெயில் தருவது. வயது முதிர்ந்த ஒருவர் தம் மேற்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராயின் இவ்வேறுபாடு விளங்கும். இரண்டிற்கும் வயது ஒன்றே. எனினும் உட்பக்கம் மென்மையாயும், புறங்கை தடித்தும் கருமைப் புள்ளிகள் படர்ந்தும் காணப்படும்.

2012 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு படம் இதனைத் தெளிவாகக் காட்டியது. 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதினர் ஒருவரின் முகம் அது. வண்டியின் கண்ணாடி யன்னலை அடுத்திருந்த இடப்பக்கம் ஆழ்ந்த மடிப்புகளுடன் தடித்திருந்தது. வலப்பக்கமோ அத்துணை மாறவில்லை. கண்ணாடி 'பீ' வகைக் கதிர்களைப் பெரிதும் தடுக்கும். 'ஏ' வகைக் கதிர்களுட் பெரும்பகுதியை உள்ளே விடும். இதனாலேயே எரிவின்றியும் சேதம் விளைந்தது.

முதிர்ந்த தோல் வெயிலை எதிர்கொள்ளும் முறையில் நிகழும் மாற்றங்கள் சில உள. முதலாவது, காப்புக் குறைதல். மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் கலங்கள், முப்பது வயதின் பின்னர், பத்தாண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை குறைகின்றன. கரிய தோலுக்கு மெலனின் ஒரு குடை போன்றது என்பது உண்மையே. ஆயினும் அக்குடை முழுக்காப்பு அளிப்பதன்று.

இரண்டாவது, எச்சரிக்கை மங்குதல். இளந்தோல் கடுவெயிலிற் சிவந்து காந்தும். அக்காந்தலே நிழலுக்குச் செல்லுமாறு விடுக்கும் அழைப்பு. முதியோர் தோலில் இவ்வழற்சி குறைவாகவே தோன்றும். தோல் முறையிடவில்லை என்பதனால் அதற்கு வலிமை உண்டென்று எண்ணலாகாது.

மூன்றாவது, பழுதுபார்க்கும் ஆற்றல் தளர்தல். கதிர்கள் கலங்களின் டீ.என்.ஏ.யிற் செய்யும் பழுதை உடல் தானே திருத்திக்கொள்ளும். வயது ஏற ஏற அவ்வேலை மெதுவாகின்றது. திருத்தப்படாத பழுதுகள் சேர்ந்து புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். கரிய தோலினரிடத்து வெயிலால் வரும் தோற்புற்று அரிது. ஆனால், ஆறாத புண்ணும் வடிவம் மாறும் மச்சமும் எவராயினும் வைத்தியருக்குக் காட்டவேண்டியவையே.

வெயில் தரும் நன்மையும் குறைகின்றது என்பது பலர் அறியாத செய்தி. 'பீ' வகைக் கதிர்களின் துணையால் தோல் விற்றமின் 'டீ'யை ஆக்குகின்றது. எலும்பின் உறுதிக்கு இது இன்றியமையாதது. 1985 ஆம் ஆண்டில் மக்லாக்லின், ஹோலிக் என்னும் ஆராய்ச்சியாளர் 8, 18 வயதினரின் தோலையும் 77, 82 வயதினரின் தோலையும் ஒப்பிட்டனர். இதனை ஆக்கும் திறன் முதியோர் தோலில் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. அன்றியும் இளவெயிலில் 'பீ' வகைக் கதிர்கள் மிகச் சொற்பம். ஆகவே, காலை வெயில் உடலுக்கு இதமளிப்பினும், அதனையே நம்பியிருத்தல் போதாது. நெடுநேரம் கடுவெயிலிற் காய்வதும் அக்குறைக்கு மருந்தாகாது. சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டையின் மஞ்சட்கருவும் ஓரளவு உதவும். குறை மிகுதியாயின் வைத்தியர் விற்றமினை மருந்தாகவே தருவர்.

வெப்பத்தைத் தணிக்கும் வியர்வையும் முதுமையிற் குறைகின்றது. தாகமும் எளிதிற் தோன்றுவதில்லை. இவற்றோடு, குருதியமுக்கத்துக்கென உட்கொள்ளும் ஹைட்ரோகுளோரோதயசைட், கிருமிகளை அழிக்கும் டொக்சிசைக்கிளின் முதலிய சில மருந்துகள் தோலை வெயிலுக்கு மேலும் இளக்கமாக்குவன. இவற்றை உட்கொள்வோர் தாமே மருந்தை நிறுத்துதல் ஆபத்து. வைத்தியரைக் கேட்டு, வெயிலைத் தவிர்த்தலே முறை.

காப்புக்குரிய வழிகள் எளியன. அவற்றிற்கு மணிக்கூடும் வேண்டியதில்லை. தரையில் விழும் நிழலே போதும். நிழல் ஆளுயரத்திலும் நீண்டிருக்கும்வரை வெயில் மென்மையானது. அது ஆளுயரத்திலும் குறுகியதும் நாற்காலியை உள்ளே எடுத்துவிடல் வேண்டும். அவ்வேளையில் வெளிச்செல்ல நேரின் குடையும் நீண்ட கைச்சட்டையும் துணை. தாகம் எழுமுன்னரே நீர் அருந்துதலும் நன்று.

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது பழமொழி. முதுமையிலோ, வெயிலில் நின்றாலும் அவ்வருமையைத் தோல் உடனே உணர்த்துவதில்லை. தோல் உணர்த்தாததை அறிவு உணர்த்தவேண்டும். முதியவர் மறந்திருப்பின், "உள்ளே வாருங்கள்" என்று அழைக்கும் வீட்டார் உணர்த்தவேண்டும்.