பொறி தவறினால் போகம் தவறும்

இடப்பெயர்வின்போது கொட்டிலில் விட்டுச்சென்ற பழைய உழவு இயந்திரத்தை மீண்டும் ஓடவைக்க முயலும் குடும்பங்கள் பல. முதல் மழையோடு உழாவிட்டால் விதைப்புப் பிந்திவிடும். இயந்திரம் ஸ்ராட் ஆகாமலோ இழுவையின்றியோ நின்றால், முதலில் பார்க்கவேண்டியவற்றுள் ஒன்று பொறி விழும் நேரம். இதையே ‘ரைமிங்’ என்கிறோம்.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறிய பெர்குசன் போன்ற, பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் இயந்திரங்களுக்கே இது பொருந்தும். டீசல் இயந்திரத்தில் பொறி இல்லை.

பிஸ்ரன் மேலேறிக் கலவையை அமுக்கி முடிக்கும் தறுவாயில் பொறி விழவேண்டும். மிக முந்தினால் இயந்திரம் தட்டும். சுழற்றும் கைபிடி திருப்பி அடித்துக் கையை முறிக்கும். பிந்தினால் பலம் குறையும், சூடேறும், எண்ணெய் வீணாகும்.

முதலில் பொயின்றைத் துப்புரவாக்கி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். அது மாறினால் ரைமிங்கும் மாறும். பின்னர் சுவிச்சை நிறுத்தி, விசிறிப் பக்கத்து முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். துவாரத்தை ஒருவர் பெருவிரலால் மூட, மற்றவர் மெதுவாகச் சுழற்றட்டும். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியதும், ரைமிங் அடையாளம் நேரே வரும்வரை சுழற்றி நிறுத்துங்கள். இப்போது டிஸ்ரிபியூட்டரின் றோட்டர் முதலாம் சிலிண்டரின் வயரை நோக்கி நிற்கவேண்டும். பெர்குசனில் வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2.

பற்றரிக்கு ஏற்ற சிறு பல்ப் ஒன்றின் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயர் பூட்டிய இடத்திலும், மற்றதை இயந்திர உடம்பிலும் தொடுத்து, சுவிச்சைப் போடுங்கள். டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, றோட்டர் சுழலும் திசையில் பல்ப் அணையும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரியத் தொடங்கும் அந்த இடமே பொறி விழும் நேரம். அங்கேயே இறுக்கிவிட்டு, சுவிச்சை நிறுத்துங்கள்.

1990களில், வடக்கில் எரிபொருள் தடை இருந்தபோது, துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட இலகுவில் தட்டும். பெற்றோலுக்கு வைத்த ரைமிங்கில் அப்படியே உழுதால் பிஸ்ரன் பழுதாகலாம். ஆகவே, உழும்போது தட்டுச் சத்தம் கேட்டால் நிறுத்தி, டிஸ்ரிபியூட்டரை றோட்டர் சுழலும் திசையில் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தச் செய்யுங்கள். எரியாத மண்ணெண்ணெய் என்ஜின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஒயிலையும் நேரத்தோடு மாற்றுங்கள்.

சுழற்றும்போது கியர் விடுபட்டிருக்கட்டும். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கைபிடியைக் கீழிருந்து மேலாக இழுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். ஓர் இயந்திரத்தை நம்பிப் பல குடும்பங்களின் வயல்கள் காத்திருக்கின்றன.