பல் ஏன் எலும்போடு ஒட்டிப்போவதில்லை?

சென்னை மண்ணூர்பேட்டை டீக்கடையில் முறுக்கைக் கடிப்பவரின் பல், ஒவ்வொரு கடியிலும் இம்மியளவு அமுங்கி எழுகிறது. பல் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இணைநார் இருப்பதே காரணம். அதிலுள்ள கொலாஜன் இழைகளின் ஒரு முனை எலும்பிலும், மறுமுனை வேரைப் போர்த்திய சிமெண்டத்திலும் புதைந்திருக்கிறது.

இருபுறமும் கனிமம் இறுகியிருக்க, நடுவே மட்டும் மென்மை எப்படி? இதில் புரதங்களுக்குப் பெரும் பங்கு. போன் சயாலோபுரோட்டீன் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் உருவாகத் தூண்டுகிறது. ஆஸ்டியோபான்டின் அவை வளராமல் தடுக்கிறது. முதல் புரதம் இல்லாத எலிகளில் சிமெண்டம் சரியாக உருவாகாமல், இழைகள் பிடி தளர்ந்தன. மனிதரிலும் சான்று உண்டு: ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் சில குழந்தைகளுக்குப் பால்பற்கள் வேர் கரையாமல், முழு வேரோடு, சீக்கிரமே விழுந்துவிடுகின்றன. சிமெண்டம் உருவாகாததே காரணம். என் பார்வையில், பல்லின் பிடிக்குச் சிமெண்டம் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பெரியவர்களுக்குப் பல் ஆடுவது பெரும்பாலும் ஈறு நோயால். பாக்டீரியாவுக்கு எதிரான அழற்சியில் ரேங்க்-எல் என்ற புரதம் பெருகி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. அப்படிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை. புகையிலை இந்த நோயை இன்னும் வேகப்படுத்தும்.

ஈறில் ரத்தம் கசிந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையிலேயே இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.