கட்டை தட்டிய தளமும் வாளிப் பூச்சும்

எங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் மாடி போட்ட வீட்டை மெத்தை வீடு என்பார்கள். முன்பெல்லாம் கூரை வீடும் ஓட்டு வீடும் நிறைந்த தெருவில் மெத்தை வீடு ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்தத் தளத்தை மழைக்குத் தாங்க வைத்தது சுண்ணாம்பும் மனிதர் கையும்.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறை அது. மர விட்டங்களின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டிப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கட்டை அழுந்தாமல் எகிறும்வரை, நாள்கணக்கில் அந்தச் சத்தம் ஓயாது. கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். ஒழுகினால் கொத்தனார் வந்தாக வேண்டும்.

இன்று எங்கும் காங்கிரீட் தளம். அதில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும். தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்பும், அடிப்பூச்சு பெயர்ந்து விழும். 2024இல் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழையைக் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட, எங்கள் ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை கரைபுரண்டது. ஊரே ஆற்றைப் பார்த்து நின்ற அந்த நாளில், எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் மேலிருந்து இறங்கியது.

அடுத்த சித்திரையில் நானே மாடி ஏறினேன். வாளியில் விற்கும் அக்ரிலிக் பூச்சு காய்ந்ததும் ரப்பர்போல இழுபடும். வெடிப்பு சற்றே விரிந்தாலும் எளிதில் கிழியாது. அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிப் பயணம் போகிறவர்கள் அதன் கூரைக்குத் தாங்களே அடித்துக்கொள்வதும் இந்த வகைப் பூச்சுதான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுவதால் வீட்டுக்குள் சூடும் தணியும். தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது.

கம்பி பிரஷ்ஷால் பாசியையும் பழைய சுண்ணாம்பையும் தேய்த்தெடுக்கவே இரண்டு நாள் பிடித்தது. கழுவிக் காயவிட்டு, வெடிப்புகளைக் கீறி அகலப்படுத்தி அடைத்தேன். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் வலைத்துணி ஒட்டினேன். பிறகு பிரைமர், அது காய்ந்தபின் கிழக்கு மேற்காக ஒரு கோட், மறுநாள் வடக்கு தெற்காக ஒரு கோட். அடிக்கும் வேலை அரை நாள்கூட ஆகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மட்டும் கை எட்டாமல் பாசியின் மேலேயே பூசிவிட்டேன். ஐப்பசி மழையில் அந்த ஒரு இடம்தான் அப்பளம்போல உரிந்து வந்தது.

அன்று பத்துப் பேர் சேர்ந்து செய்ததை இன்று ஒருவர் செய்துவிடலாம், பெரிய வசதிதான். ஆனால் கட்டை தட்டிய அந்தப் பெண்களின் பொறுமையை எந்தக் கடையும் வாளியில் அடைத்து விற்பதில்லை. பங்குனி, சித்திரை வெயில் இருக்கும்போதே மாடி ஏறுங்கள். பூச்சு வாளியைத் திறக்கும் முன் தளத்தை மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள்.