நடுவழியில் மாறும் சுருதி

மிடுக்காக முழங்கிவரும் ராணுவ பேண்டு இசை, பாதியில் சட்டென்று கனிந்துவிடுகிறதே, எப்படி?

வேகம் மாறுவதால் அல்ல. 'மார்ச்' எனப்படும் இந்த அணிவகுப்பு இசையில் வேகம் மாறக்கூடாது; நடப்பவரின் கால் தடுமாறிவிடும். நொடிக்கு இரண்டு அடி, அவ்வளவுதான். முரசின் அழுத்தமான தட்டு இடது காலுக்கு. மாறுவது சுருதி. பெரும்பாலான மார்ச்சுகளின் பின்பாதியில் 'டிரியோ' என்ற பகுதி வரும். அதுவரை 'ம'வாக ஒலித்த சுரம் அங்கே 'ஸ' ஆகிவிடும். கச்சேரிகளில் சில பாடல்களுக்கு மத்யம சுருதி வைத்துக்கொள்வார்களே, அதே உறவுதான். எக்காளங்கள் அடங்கி, நீண்ட, இழைந்த மெட்டு ஒன்று மெதுவாக எழும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா இதில் மன்னர். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும் வழியில், 1896இல், அவர் மனத்திலேயே உருவாக்கிய மார்ச் 'தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்'. அதன் டிரியோ மெட்டு திரும்ப வரும்போது, பிக்கோலோ என்னும் சிறு குழல் தனியே மேலே பறக்கும், விடியற்காலைக் குருவி போல. கடைசிச் சுற்றில் டிராம்போன்கள் கீழிருந்து கம்பீரமாகப் பதில் சொல்லும். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத இடம் அது! புறப்பட்ட சுருதிக்குத் திரும்பாமலே மார்ச் முடிந்துவிடும்.

1987 முதல் அமெரிக்காவின் தேசிய மார்ச் இதுதான்.