உள்ளங்காலையும் பாருங்கள்: தோல் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகள்

"தோல் புற்றுநோய் வெள்ளையர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நமது தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறமி, வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைப் பெருமளவு காக்கிறது. ஆகவே இந்நோய் நம் நாட்டில் குறைவே. எனினும் அது வரும்போது, வெயில் படாத, எவரும் உற்றுநோக்காத இடங்களிலும் வருகிறது. பலர் காலம் கடந்து மருத்துவரை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே பார்க்க வேண்டும்?

உள்ளங்கால், உள்ளங்கை, நகம்: கருநிறத் தோல் உடையோருக்கு மெலனோமா என்னும் கடுமையான வகை பெரும்பாலும் இங்கேயே தோன்றுகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் தோன்றிய இந்நோய், முதலில் கால்பந்துக் காயமாகவே கருதப்பட்டது. 1977-இல் நோய் கண்டறியப்பட்டது; 1981-இல், 36 வயதில், அவர் காலமானார்.

இடுப்பு: பாவாடை நாடாவையோ வேட்டியையோ பல்லாண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் அங்கே கருமையும் தடிப்பும் செதிலும் உண்டாகும். அரிதாக அது ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறக்கூடும். இந்திய மருத்துவர்கள் இதனைப் "புடவைப் புற்று" என்றே குறித்துள்ளனர். மெல்லிய நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டையைத் தளர்வாகக் கட்டுவது நல்லது.

பழைய தீக்காயத் தழும்பு: பல ஆண்டுகள் கழித்து அதில் புதிதாகப் புண்ணோ கட்டியோ தோன்றினால் அலட்சியம் வேண்டாம்.

முகம்: மூக்கு, கண்ணிமை அருகே மெல்ல வளரும், பளபளப்பான கரிய புடைப்பைக் கவனியுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• நான்கு வாரங்களாகியும் ஆறாத புண், அல்லது ஆறி மீண்டும் உடையும் புண்.
• இரு பாதிகளும் ஒத்திராத, ஓரம் ஒழுங்கற்ற, பல நிறங்கள் கலந்த, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மச்சம்.
• அளவோ நிறமோ மாறிவரும், அரிக்கும் அல்லது இரத்தம் கசியும் மச்சம்.
• ஒரே நகத்தில் தோன்றி அகன்றுவரும் கரிய கோடு.

வலி இல்லாததால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களின் காற்புண்ணைச் "சர்க்கரைப் புண்" என்று நாமே முடிவு செய்வதும் தவறு. முதியோரால் தம் உள்ளங்காலைக் குனிந்து பார்க்க இயலாது. எனவே உடனிருப்போர் மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், விரலிடுக்குகள் வரை பார்த்துவிடுவது நலம்.

மச்சத்தைச் சுண்ணாம்போ அமிலமோ வைத்துச் சுடக் கூடாது. ஐயம் ஏற்பட்டால் மருத்துவர் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பார். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று அஞ்சி இச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பரவலுக்கு இடமளிப்பது தாமதமே. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலோருக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையே முழுக் குணம் தரும்.

இன்றிரவு கால் கழுவும்போது, உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.