ஒன்றுபோல் தோன்றும் இரு பிஸ்டன்கள்

வராகநதிக் கரையிலுள்ள ஜெயமங்கலத்தில் விளையும் நெல்லும் வாழையும் தேங்காயும் தொலைவிலுள்ள சந்தைகளை அடைவது லாரிகளாலேயே. கம்பத்தைக் கடந்து குமுளிக்கோ, போடியைக் கடந்து போடிமெட்டுக்கோ, வடக்கே கோடைக்கானலுக்கோ பாரம் கொண்டு செல்வோர் மலையேறியே தீரவேண்டும். ஆதலின் இப்பக்கத்தார் ஒரு லாரியை விலைபேசும்போது முதற்கண் வினவுவது, "மேட்டில் இழுக்குமா?" என்பதே. இழுவை போதாதெனின், அதனைப் பெருக்கும் உபாயங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது, அதே இனத்தைச் சேர்ந்த வேறோர் எஞ்சினின் பிஸ்டனை எடுத்துப் பொருத்திக் கம்ப்ரஷனை உயர்த்துதல். இது எப்பொழுது நன்மையாம், எப்பொழுது தீமையாம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கம்ப்ரஷன் என்பது யாது? பிஸ்டன் சிலிண்டரின் அடியில் நிற்கும்போது அதன் மேலுள்ள இடம் முழுவதையும், அது உச்சியை அடைந்தபின் எஞ்சும் சிறிய இடத்தால் வகுத்தால் வரும் எண்ணே கம்ப்ரஷன் விகிதம். ஆறு பங்கு இடத்திலிருந்த வாயு ஒரு பங்கு இடத்திற்குள் ஒடுக்கப்படின் விகிதம் 6 ஆகும். ஒடுக்கம் மிகுந்தால், எரிந்த வாயு விரியும் அளவும் மிகும். அவ்விரிவு மிகுந்தால், உஷ்ணத்தில் அதிக பாகம் வேலையாக மாறும். பௌதிக நூல்களின் கணக்குப்படி, குறைபாடே இல்லாத எஞ்சின் ஒன்றில் விகிதம் 6 ஆயின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 51 பங்கும், 7 ஆயின் 54 பங்கும், 8 ஆயின் 56½ பங்கும் வேலையாகும். மெய்யான எஞ்சின்கள் இவ்வளவு தருவதில்லை. எனினும் ஏறும் முறை இதுவே. ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் இலாபம் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதையும் வாசகர் கவனிப்பாராக.

இனி ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் காண்போம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ஆம் ஆண்டில் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். அக்கம்பெனியாரின் ஷெவர்லே லாரிகளில் 216 கன அங்குலம் என்றும், 235 கன அங்குலம் என்றும் இருவகைப் பெட்ரோல் எஞ்சின்கள் இருந்தன. இரண்டும் ஆறு சிலிண்டர்களை உடையன. பார்வைக்கு உடன்பிறந்தார் போன்றன. ஆயினும் முன்னதன் சிலிண்டர் வாய் 3½ அங்குலம். பின்னதன் வாய் 3 9/16 அங்குலம். பதினாறில் ஒரு அங்குல வேற்றுமையைக் கண் எளிதிற் காண்பதில்லை. அன்றியும், அதே கம்பெனியாரின் ஜி.எம்.சி. 228 என்னும் எஞ்சினுக்கும் வாய் 3 9/16 அங்குலமே. ஆனால் பிஸ்டனின் வீச்சு ஷெவர்லே 235-இல் 3 15/16 அங்குலமாகவும், ஜி.எம்.சி. 228-இல் 3 13/16 அங்குலமாகவும் உள்ளது. எனவே வாய் ஒத்திருத்தலை மட்டுமே கண்டு, ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றிற்குப் பொருந்துமெனத் துணிதல் தவறு.

கம்ப்ரஷனை மாற்றுவது முக்கியமாகப் பிஸ்டனின் பின் துளைக்கும் அதன் தலைக்கும் இடையேயுள்ள உயரம். மேற்கூறிய 235-இன் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் இடம் ஏறக்குறைய 643 கன சென்டிமீட்டர். விகிதம் 6.6 எனக் கொண்டால், உச்சியில் எஞ்சும் இடம் 115 கன சென்டிமீட்டர். இப்பொழுது இரண்டு மில்லிமீட்டர் உயரம் மிகுந்த பிஸ்டனைப் பொருத்தினோமாயின், எஞ்சும் இடம் 102 ஆகக் குறையும்; விகிதமோ 7.3 ஆக உயரும். பிஸ்டனின் தலை மேடாக இருப்பினும், குழிவாக இருப்பினும் கணக்கு இவ்வாறே மாறும்.

அங்ஙனமாயின் உயர்த்திக்கொண்டே போகலாகாதோ எனின், ஆகாது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியிலிருந்து சுவாலை படிப்படியாகப் பரவவேண்டும். ஒடுக்கம் அளவு கடந்தால், சுவாலை சென்று சேருமுன்னரே மூலையில் நிற்கும் வாயு சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். அப்பொழுது எழும் கொட்டொலியையே மெக்கானிக்குகள் நாக்கிங் என்பர். அது நீடித்தால் பிஸ்டனின் தலை உருகும்; ரிங் பள்ளங்கள் உடையும். இதனைத் தடுக்க 1921-இல் அமெரிக்கராகிய மிட்ஜ்லி என்பார் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கும் வழியைக் கண்டார். அது நஞ்சாதலின் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது.

மலைப்பாதையில் மற்றொரு விநோதமும் உண்டு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோடைக்கானலில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆகையால் மலைமேல் கொட்டாது ஓடும் பெட்ரோல் எஞ்சின், கீழே சமவெளியில் பாரத்தோடு ஓடும்போது கொட்டக்கூடும். மலைக்கெனக் கம்ப்ரஷனை உயர்த்துவோர், லாரி மலையிலேயே வாழ்வதில்லை என்பதை மறக்கலாகாது.

கம்ப்ரஷனை உயர்த்துதல் நியாயமாகவே தோன்றிய ஒரு காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டினால், சென்னை மாகாணத்துப் பஸ்களும் லாரிகளும் கரிவாயுவால் ஓடலாயின. மரக்கரியை அடுப்பிலிட்டு எரித்து எடுக்கும் இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி, எரியாத நைட்ரஜனே. அதனால் பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சின், தன் சக்தியில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை இழந்தது. ஆயினும் கரிவாயு மிகுந்த ஒடுக்கத்தையும் கொட்டாமல் தாங்கும். ஆகவே விகிதத்தை உயர்த்தினால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். ஆனால் அவ்வாறு உயர்த்திய எஞ்சினுக்கு மீண்டும் மட்டமான பெட்ரோலை ஊற்றினால், முன்பு உதவிய அதே பிஸ்டன் பகையாகிவிடும். எரிபொருளும் ஒடுக்கமும் ஒன்றோடொன்று உடன்படிக்கை செய்துகொண்டவை என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இந்நாளில் பார லாரிகள் டீசலால் ஓடுகின்றன. டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியாரோடு 1954-இல் கூட்டுச் சேர்ந்து லாரிகளைச் செய்யத் தொடங்கினர். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் ஒடுக்கி, அவ்வுஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றுமாறு செய்வதால், விகிதம் முன்னரே மிக உயர்ந்து நிற்கிறது. டாட்டா 697 எஞ்சினின் வாய் 97 மில்லிமீட்டர். வீச்சு 128 மில்லிமீட்டர். விகிதம் 17 எனக் கொண்டால், உச்சியில் எஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு 59 கன சென்டிமீட்டரே. இங்கு ஒரு மில்லிமீட்டர் உயரம் மிகுந்தால் விகிதம் 19-ஐயும் கடந்துவிடும். அதற்கு முன்பே பிஸ்டன் சிலிண்டர் ஹெட்டில் மோதவும் கூடும்.

அன்றியும், எண்ணெயை நேரே சிலிண்டரில் பீய்ச்சும் எஞ்சின்களில், எரியும் அறையே பிஸ்டனின் தலையிலுள்ள குழிதான். இன்ஜெக்டரின் தாரை அக்குழிக்கு இயைய அமைந்தது. குழி மாறினால் எண்ணெய் சரிவர எரியாது, புகை மிகும். டர்போ பூட்டிய எஞ்சினுக்கு உள்ளே புகும் காற்றே அழுத்தம் மிகுந்ததாதலின், அதன் பிஸ்டன் பெரும்பாலும் விகிதம் குறைத்தே செய்யப்படுகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் பிஸ்டன் வாய் ஒத்ததென்று அதனுள் இடப்பட்டால், ஹெட் கேஸ்கெட்டும் கான்ராடும் பேரிங்கும் தாங்கொணாத அழுத்தத்தை ஏற்கவேண்டும். இத்தனைக்கும் டீசலில் இவ்விகிதத்திற்கு மேல் உயர்த்துவதால் கிடைக்கும் இழுவையோ மிக அற்பம்.

கெடுதி எஞ்சினோடு முடிவதில்லை. பாரத்தோடு மலையிறங்கும் லாரியைக் குறைந்த கியரில் பிடித்து நிறுத்துவது எஞ்சினே. காற்று பிரேக்குக்கு வேண்டிய காற்றை அடைப்பதும் அவ்வெஞ்சினால் சுழலும் கம்ப்ரஸரே. வளைவில் எஞ்சின் உடைந்தால், ஓட்டுநர், உடன் செல்லும் கிளீனர், எதிரே வருவோர் ஆகிய அனைவருடைய உயிரும் ஊசலாடும்.

ஆதலின் பிஸ்டன் மாற்ற விரும்புவோர் கண்ணளவை நம்பாது கருவியளவை நம்புவாராக. வாய், பின் துளையின் குறுக்களவு, பின் துளைக்கும் தலைக்கும் இடையேயுள்ள உயரம், தலையின் வடிவம், எடை ஆகிய ஐந்தும் பழைய பிஸ்டனோடு ஒப்பிடத்தக்கன. ஆறு பிஸ்டன்களும் தமக்குள் ஒரே எடையாயிருத்தலும் வேண்டும். பிஸ்டனின் தலைமேல் சிறிது களிமண்ணை வைத்து, ஹெட்டை முடுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றிப் பிரித்தால், நசுங்கிய மண்ணின் கனமே மிச்சமுள்ள இடைவெளியைக் காட்டும். பெட்ரோல் எஞ்சினாயின், பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்க, பிளக் துளை வழியே மெல்லிய எண்ணெயைப் பியூரெட்டினால் அளந்து ஊற்றி, எஞ்சும் இடத்தை நேரே அறியலாம். இரசாயன சாலையில் நம் மாணாக்கர் நாள்தோறும் கையாளும் கருவியே ஒரு பட்டறையின் பெரு நஷ்டத்தைத் தடுக்க வல்லது.

புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் வார்ப்பது குறித்துச் சுவிசேஷத்தில் கூறப்பட்ட உவமையை நம் கல்லூரியில் அறியாதாரில்லை. திராட்சை விளையும் இப்பள்ளத்தாக்கில் அதன் பொருளை விளக்கவும் வேண்டுவதில்லை. துருத்தி தாங்கும் அளவறிந்து வார்ப்பதே அறிவுடைமை. அளந்தபின் பொருத்துவோர் மேட்டையும் ஏறுவர்; பத்திரமாக வீடும் திரும்புவர்.