உழவு இயந்திரத்துக்கேற்ற காற்றமுக்கியைத் தெரிந்தெடுத்தல்

வயலில் ஓடும் ரயருக்கு வேண்டிய காற்று வேறு. தெருவில் ஓடும் ரயருக்கு வேண்டிய காற்று வேறு. நான்கு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் இதனை நன்கறிவர். எனினும், காற்றை இறக்குதல் எளிது. இறக்கிய காற்றை மீண்டும் ஏற்றுதற்கு வயலருகில் வசதி இல்லை. ஆதலால் ஆண்டு முழுவதும் ஒரே அமுக்கத்துடன் ஓட்டுவோர் பலர்.

இதனால் விளையும் நட்டம் இரு வகைப்படும். ரயரின் உள்ளே எவ்வளவு அமுக்கம் உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு அமுக்கத்துடனேயே அது நிலத்தை அழுத்தும். காற்று மிகுந்த ரயர் சிறிய இடத்தில் ஊன்றி நின்று, ஈர வயலிற் புதையும்; வழுக்கும்; டீசலை வீணாக்கும். வெங்காயமும் மிளகாயும் செய்யும் தோட்ட நிலத்தில் மண்ணை இறுக்கி, வேர் கீழிறங்காவண்ணம் தடுக்கும். மாறாக, வயலுக்கெனக் காற்றைக் குறைத்துவிட்டு, அதே ரயருடன் நெல் மூடைகள் ஏற்றிய பெட்டியைத் தெருவில் இழுத்துச் சென்றால், ரயரின் பக்கச் சுவர் ஓயாது மடிந்து சூடேறி, உள்ளிருக்கும் நூற்படைகள் அறும்.

இரும்புச் சில்லுகளுக்குப் பதிலாக, 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலிஸ்-சாமர்ஸ் நிறுவனம் உழவு இயந்திரத்துக்குக் காற்றடைத்த ரயரைப் பூட்டி விற்கத் தொடங்கியது. குறைந்த அமுக்கமுள்ள ரயர் நிலத்திற் பரந்து நின்று பிடிப்பைத் தரும் என்பதே அம்மாற்றத்தின் பயன். அப்பயனை முழுமையாகப் பெற விரும்புவோருக்கு இயந்திரத்திலேயே பூட்டிய காற்றமுக்கி, அதாவது கொம்பிறசர், பெரிதும் உதவும்.

எதனைப் பார்த்து வாங்குவது?

கடைகளில் விற்கப்படும் சிறு காற்றமுக்கிகளின் மேல் "150 இறாத்தல்" எனப் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அமுக்கம் உழவு இயந்திர ரயருக்கு ஒருபோதும் வேண்டப்படுவதில்லை. பெட்டியின் ரயருக்கு வேண்டிய அமுக்கத்தைச் சிரமமின்றி எட்டுமாயின் அதுவே போதும். பார்க்க வேண்டியது, நிமிடம் ஒன்றுக்கு எத்தனை லீற்றர் காற்றைத் தரும் என்பதையே. சிலவற்றில் இது கன அடியிற் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றராகும்.

வேண்டிய காற்றைக் கணிக்கும் முறை எளியது. ரயரின் கொள்ளளவை, ஏற்றவேண்டிய இறாத்தலாற் பெருக்கி, 15 ஆற் பிரிக்க வேண்டும். 15 என்பது நம்மைச் சூழ்ந்துள்ள வளியின் அமுக்கமாகும். உதாரணமாக, 200 லீற்றர் கொள்ளும் பின் ரயரை 12 இறாத்தலிலிருந்து 18 இறாத்தலுக்கு உயர்த்த 80 லீற்றர் காற்று வேண்டும். இரு பின் ரயர்களுக்கும் 160 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் தரும் பொறி இதனை 4 நிமிடத்தில் முடிக்கும். 10 லீற்றர் தருவதற்கு 16 நிமிடம் செல்லும். இவ்வெண்கள் உதாரணத்துக்கே, தத்தம் இயந்திரத்துக்குரிய அமுக்கத்தைக் கைந்நூலிலும் ரயர் அட்டவணையிலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பொறியின் மேற் குறிக்கப்பட்ட லீற்றர் அளவு பெரும்பாலும் எதிரமுக்கம் இல்லாதபோது எடுக்கப்பட்டதாகும். ரயரில் அமுக்கம் ஏற ஏற அது குறையும். ஆதலால் இயலுமாயின், வாங்குமுன் தம் சொந்த ரயரிலேயே 5 இறாத்தல் ஏற்றிக் காட்டும்படி கேட்டு, மணிக்கூட்டைப் பார்ப்பது நன்று.

ஓய்வு வேண்டும் பொறிகள்

சிறு மின்பொறிகள் விரைவிற் சூடேறும். அவற்றின் வேலை நேரம் நூற்றுவீதத்திற் குறிக்கப்படும். 33 வீதம் என்றால், அரை மணி நேரத்தில் 10 நிமிடம் வேலை, 20 நிமிடம் ஓய்வு. முன்சொன்ன 16 நிமிட வேலையை இத்தகைய பொறி இடையில் ஓய்வின்றி முடிக்க இயலாது. வற்புறுத்தி ஓட்டினாற் பிஸ்டன் வளையம் கெடும்.

மின்னிணைப்பு

12 வோல்ற்றில் 30 அம்பியர் இழுக்கும் பொறி 360 உவாற்று வலுவை எடுக்கின்றது. சிகரெட் மூட்டும் துளை இதனைத் தாங்காது. தடித்த செப்புக் கம்பியால் நேரே பற்றரியுடன் இணைத்து, நேர் முனைக்கு அண்மையில் தகுந்த உருகி ஒன்றைப் பூட்டுதல் இன்றியமையாதது. காற்றடிக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்றேல் பற்றரி இறங்கும்.

சில பெரிய உழவு இயந்திரங்களில், பெட்டியின் காற்றுத் தடைக்கென எஞ்சினால் ஓடும் காற்றமுக்கி தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அதில் ரயருக்குக் காற்றெடுக்கும் வாயும் உண்டாயின், வேறொன்று வாங்க வேண்டியதில்லை. அவ்வாய் இல்லாதவிடத்துத் தடைக் குழாயை வெட்டி இணைத்தல் உயிராபத்தை விளைவிக்கும். பற்றரியில்லாத இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போர்க்குக் காற்பம்பும் நல்ல அளவுமானியுமே போதும். அவர் இச்செலவைத் தவிர்க்கலாம்.

பூட்டுதலும் பேணுதலும்

சேறும் நீரும் எட்டாத உயரத்தில், புகைக்குழாய்க்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்திற் பூட்டுக. நெற்தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். அறுவடைக் காலத்தில் அதனை அடிக்கடி தட்டித் துப்புரவாக்குக. வெளிவரும் காற்று சூடானதாகையால், பொறியை அடுத்துள்ள குழாய் வெப்பந்தாங்கும் வகையினதாயிருத்தல் வேண்டும். காற்றுத் தாங்கி உண்டாயின் காப்பு வால்வு அவசியம். வேலை முடிந்ததும் அதன் அடியிலுள்ள நீரைத் திறந்து விடுக.

அளவுமானியும் முக்கியமானது. 150 இறாத்தல் வரை காட்டும் மானியில் 12க்கும் 14க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியாது. 30 இறாத்தல் அளவிற் காட்டும் மானியொன்றைத் தனியே வைத்திருத்தல் நன்று. பாரத்துக்காக நீர் நிரப்பிய ரயராயின், வால்வு மேற்பக்கம் வரும்படி சில்லை நிறுத்திய பின்னரே அளக்கவும் காற்றேற்றவும் வேண்டும்.

எச்சரிக்கை

காற்றேற்றும்போது ரயரின் முன்னே நில்லாது, நீண்ட குழாயுடன் ஒரு பக்கமாக விலகி நிற்க. புதிதாகப் பூட்டிய ரயரின் விளிம்பு வளையத்திற் பொருந்தவில்லை எனக் கருதி 35 இறாத்தலுக்கு மேல் ஏற்றலாகாது. விளிம்பு உடைந்து பறந்தால் மனிதரைக் கொல்லும். அவ்வாறு பொருந்தாத ரயரின் காற்றை முற்றாக இறக்கி, அனுபவமுள்ளவரிடம் ஒப்படைக்க.

இறுதியாக, நல்ல காற்றமுக்கி வாங்கியதனால் மட்டும் பயனில்லை. வயலில் இறங்குமுன் காற்றைக் குறைத்தலும், தெருவில் ஏறுமுன் திரும்ப அடித்தலும் பழக்கமாதல் வேண்டும். சில நிமிடங்களில் முடியும் பொறியாயின் அப்பழக்கம் நிலைக்கும். அரை மணி நேரம் காக்கவைக்கும் பொறி விரைவிற் கொட்டிலுக்குப் போய்விடும். மலிவைக் கண்டு வாங்காது, தம் ரயரின் தேவையைக் கணித்து வாங்குவதே சிக்கனம். ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிவாராக.